புது இன்ஜினுக்குப் பாரம் ஆகாது

எங்கிட்டக் கார் இருக்கு தம்பி. அம்பாசிடர். சொந்தக் கார் வச்சிருக்கிறவன் எதுக்கு இந்தத் தகர டப்பா பஸ்ஸுல இடிபட்டுப் போறான்னு நீங்க நெனைக்கலாம். நெனைங்க, தப்பில்ல. இன்ஜினைப் பூராவும் பிரிச்சு, புது பிஸ்டன், புது ரிங்கு போட்டு மாட்டின வண்டி அது. அப்படி வேலை பாத்த இன்ஜினை எப்படி ஓட்டிப் பழக்கணும்னு தெரியாத பயலுகளா இந்தத் தேனி ஜில்லா பூராவும் நெறைஞ்சு கிடக்கானுக. நான் ஒருத்தன்தான் முறையா ஓட்டினேன். முறையா ஓட்டினதுக்குத்தான் இன்னிக்கு வண்டி ஒர்க் ஷாப்புல கிடக்கு, பொண்டாட்டி அண்ணன் வீட்டுல கிடக்கா, நான் இங்க உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்.

சிரிக்காதீங்க. நடந்ததைக் கேட்டா நீங்களே என் பக்கம் பேசுவீங்க.

மதுரைக்கா போறீங்க? நானும் அங்கதான். ரிங் செட் வாங்கணும். நடுவுல உசிலம்பட்டி வரும்ல, அவ அங்கதான் இருக்கா. பேரு ஒச்சம்மா. காலையில அவ அண்ணன் தவமணி போன் போட்டான். "மாப்ள, எந்த பஸ்ல வர்றீக?"ன்னு கேட்டான். சொன்னேன். சொல்றதுல என்ன இருக்கு, பஸ்ஸு கவர்மெண்டுது. "தங்கச்சி பையைத் தூக்கிக்கிட்டு ஸ்டாண்டுல வந்து நிக்கும். நீங்க இறங்கி ஒரு வார்த்தை கூப்பிட்டாப் போதும் மாப்ள, கூட வந்துரும். கூப்பிடலைன்னா இனி நாங்க யாரும் அனுப்ப மாட்டோம்"ங்கிறான்.

இறங்கிக் கூப்பிடணுமாம். ஏன், அவளுக்குப் படிக்கட்டு ஏறத் தெரியாதா? நான் என்ன கண்டக்டரா, ஊர் ஊரா இறங்கி ஆள் கூப்பிடுறதுக்கு?

முதல்லேருந்து சொல்றேன், அப்பத்தான் விளங்கும்.

போடி மலையில ஏலத்தோட்டத்துல ஜீப் ஓட்டினவன் நான். எங்க முதலாளி புது ஜீப் எடுத்தப்ப என்னையக் கூப்பிட்டு நிறுத்தி, "சீலமுத்து, வண்டி பழகுற வரைக்கும் பச்சைப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போற மாதிரி கொண்டு போகணும்"னாரு. அந்த ஒரு வார்த்தையை இன்னிக்கு வரைக்கும் பிடிச்சுக்கிட்டிருக்கேன். அந்த ஜீப் என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க. அது வேற டிரைவர் கைக்குப் போயித்தான் புகைய ஆரம்பிச்சுச்சு. எங்கிட்ட இருந்தப்ப லேசாத்தான் புகைஞ்சுச்சு.

தோட்டத்தை விட்டு வந்து இந்தக் காரை வாங்கினேன். பழைய வண்டி. ஓடி ஓடித் தேஞ்சு போச்சு, இன்ஜின் வேலை பாத்தே ஆகணும்னு ஆயிருச்சு. ஒச்சம்மா அவ வளர்த்த ஆடுகளை வித்துட்டா. நான் கேக்கல தம்பி, அதை மட்டும் தெளிவாச் சொல்லிர்றேன். அவளா வித்தா. "ஆட்டைக் கட்டிக்கிட்டு என்ன பண்ண? அண்ணன் பேரனுக்குக் காது குத்துறாக. சீரோட நம்ம கார்ல போய் அவுக வாசல்ல இறங்கணும். எல்லாரும் பாக்கணும்"னா. அவளா ஆசைப்பட்டா. அதுக்கு நான் எப்படிப் பொறுப்பு ஆவேன்?

இன்ஜினைக் கட்டினவன் இன்னாசின்னு ஒரு மெக்கானிக்கு. வாய்க்காரன். நட்டு முடுக்குற நேரத்தை விட நாக்கு ஆடுற நேரம் சாஸ்தி. வண்டியை எங்கிட்டக் குடுக்கையில பெரிய கலெக்டர் மாதிரி உத்தரவு போடுறான். "அண்ணே, கவனமாக் கேளுங்க. நின்ன இடத்துல சும்மா ஓடவிடாதீங்க. ஒரே வேகத்துல உருட்டாதீங்க. நாலு ஆளை ஏத்திக்கங்க. கணவாய் மேட்ல நல்லா அமுக்கி ஏத்துங்க, இறக்கத்துல காலை எடுத்துருங்க. அப்படி ஏத்தி இறக்குனாத்தான் ரிங்கு போர்ல உக்காரும்."

போருன்னா பிஸ்டன் ஏறி இறங்குற குழா தம்பி. ரிங்கு அந்தக் குழாச் சுவரை ஒட்டி உக்காரணும். உக்காரலைன்னா ஆயில் மேல ஏறி எரிஞ்சு புகையாப் போகும். அவ்வளவுதான் விசயம். இதுக்குப் போய், அமுக்கி ஏத்தணுமாம். நேத்துப் பெத்த பிள்ளையை மூட்டை தூக்க அனுப்புங்கிறான். "நீ ரெஞ்சைப் பிடிக்கிறதுக்கு முன்னாடியே நான் மலை ஏறினவன்டா"ன்னேன். "மலை அப்படியேதாண்ணே இருக்கு, நீங்க ஏறினதுல ஒண்ணும் குறையல"ன்னான். பேச்சைப் பாருங்க.

காதுகுத்து அன்னிக்கு விடிய முன்னாடியே கிளம்பிட்டோம். தெருவுல நாலு பேரு நாங்களும் வர்றோம்னு தலை சீவிப் பூ வச்சு நின்னாங்க. ஒருத்தரையும் ஏத்தல. புது இன்ஜினுக்குப் பாரம் ஆகாது. ஸ்டெப்னி டயரைக் கூட இறக்கி வீட்டுக்குள்ள உருட்டி வச்சுட்டேன். வாழைத்தார் ஒண்ணு வாங்கி வச்சிருந்தா, அதையும் திங்க ஆளில்லாம வீட்டுலயே விட்டுட்டு வரச் சொல்லிட்டேன். ஒரு பித்தளை அண்டாவும் பழத்தட்டும் மட்டும் போதும்னேன். "அத்தை சீர்னு சொல்லிக்கிட்டு ஒத்தை அண்டாவோடயா போய் நிக்கிறது?"ன்னா. "அண்டாவே சாஸ்தி"ன்னேன்.

முப்பத்தஞ்சுக்கு மேல முள்ளு நகரல. அப்படி ஓட்டினேன். ரோட்டுல போற பயலுகளுக்குத்தான் பொறுக்கல. டிராக்டர்காரன் ஒருத்தன் பின்னாடி நின்னு ஆரன் அடிக்கிறான். டிராக்டர் தம்பி. வழி விட்டேன். போறவன் என்னைப் பாத்துக் கும்பிடு வேற போட்டுட்டுப் போறான். அவன் கும்பிட்டது மரியாதைக்கு இல்லைன்னு எனக்குத் தெரியும், ஆனா அவன் இன்ஜின் அடுத்த வருசம் இருக்காதுன்னு அவனுக்குத் தெரியாது. கோழிக் கூண்டு கட்டின மொபெட் ஒண்ணு தாண்டிப் போச்சு. கோழிகளெல்லாம் எங்களைத் திரும்பிப் பாத்துக்கிட்டே போச்சு. ஒச்சம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கிட்டா. வெயில் போலன்னு நெனைச்சேன்.

நடுவுல நிறுத்தி இன்ஜினுக்கு ஓய்வு குடுத்தேன். பானட்டைத் திறந்து வச்சு, ஈரத் துணியால விசிறி விட்டேன். ஒத்தைப் புளியமரம். அந்த நிழல் வண்டிக்கே பத்தல. அவ வெயில்ல நின்னா. "மணி ஆகுதுங்க"ன்னா. "வண்டி ஆறட்டும்"னேன். "அங்க நல்ல நேரம் போகுதுங்க"ன்னா. நல்ல நேரத்துக்கு இன்ஜின் தெரியுமா தம்பி?

இந்தா, பேச்சுவாக்குல கணவாயே வந்துருச்சு. இந்த மேடுதான். இங்கதான் அவளை இறங்கச் சொன்னேன்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? மேடு தம்பி. எப்படி நெட்டுக்குத்தா இருக்கு பாருங்க. இந்த பஸ்ஸைச் சொல்றீங்களா? இது எழுபது ஆளை ஏத்திக்கிட்டு ஏறும், இதுக்கு என்ன, சொரணை கெட்ட இன்ஜின். நம்மது புதுசு. "இறங்கு"ன்னேன். "எதுக்கு?"ன்னா. "மேடு"ன்னேன். தலையை வெளிய நீட்டி மேட்டைப் பாத்தா. அப்புறம் இறங்கிட்டா. "அந்த அண்டாவையும் எடுத்துக்க"ன்னேன். பட்டுச்சேலை முந்தானையச் சுருட்டிச் சும்மாடு கட்டி, அண்டாவைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டா. சண்டை போடல, அழுகல. அப்படி ஒரு பொம்பளை எனக்கு வாய்ச்சிருக்காளேன்னு எனக்கே பெருமையா இருந்துச்சு. அந்தப் பெருமையோடதான் மேட்டுல ஏறினேன். பூ மாதிரி ஏறுச்சு வண்டி.

மேட்டுல நிறுத்த முடியாதுல்ல. அதனால அந்தப் பக்கம் இறங்கி, சமதளத்துல நிழல் பாத்து நிறுத்திக் காத்துக்கிட்டிருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு ஒரு லாரி வந்து பக்கத்துல நிக்குது. டிரைவர் எட்டிப் பாத்து, "பெரியவரே, தலையில அண்டாவோட ஒரு அம்மா வருது, உங்க ஆளா?"ன்னான். ஆமான்னேன். "பாவமேன்னு ஏறிக்கச் சொன்னேன். 'எங்க கார் முன்னாடி போகுது, நீங்க போங்க'ன்னுச்சு"ன்னு சொல்லிட்டு, கிளீனரும் அவனுமா சிரிக்கிறாங்க. சிரிக்க என்ன இருக்கு இதுல? லாரிக்காரன் புத்தி அவ்வளவுதான். எங்க கார்னு சொல்லியிருக்கா பாருங்க. எம்புட்டுப் பெருமை இருந்தா அந்த வெயில்ல அப்படிச் சொல்லுவா.

அவ வந்து ஏறினப்ப தண்ணி கேட்டா. தண்ணி இருந்துச்சு, ஆனா அது ரேடியேட்டருக்கு.

உசிலம்பட்டி போய்ச் சேந்தோம். அவ ஆசைப்பட்ட மாதிரியே அண்ணன் வீட்டு வாசல்லயே கொண்டு போய் நிறுத்தினேன். அதுல நான் ஒரு குறையும் வைக்கல. பாக்கத்தான் வாசல்ல ஆள் இல்ல. காது குத்தி முடிச்சு, எல்லாரும் பந்தியில உக்காந்துட்டாங்க. அவ அண்ணன் பொண்டாட்டி ஓடியாந்து, "உங்க சீர் வரட்டும்னு எம்புட்டு நேரம் பாத்தோம் மதினி, நேரம் தப்பிப் போகுதுன்னு ஆசாரி சத்தம் போட்டாரு"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. ஒச்சம்மா அண்டாவை இறக்கி வச்சுட்டு, பிள்ளையைப் போய்ப் பாத்தா. அது தூங்கிருச்சு. காதுல மஞ்சளும் ரத்தமுமா இருந்துச்சாம். அது என்ன அதிசயம், எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான இருக்கும்?

இதோட முடிஞ்சிருந்தாக் கூட ஒண்ணும் இல்ல தம்பி.

நான் வண்டியை அணைக்கல. தூரம் ஓடி வந்த இன்ஜினைப் பட்டுன்னு அணைச்சா இறுகிப் போகும். ஓடவிட்டுட்டு சீட்டுலயே உக்காந்திருந்தேன். ஒச்சம்மா வந்தா. "இலை போட்டாச்சு. அணைச்சுட்டு வாங்க."

"சூடா இருக்கு, ஆறட்டும்."

"ஓடிக்கிட்டே இருந்தா எப்படிங்க ஆறும்?"

ரெண்டாங்கிளாஸ் படிச்சவ கேக்குற கேள்வி தம்பி இது. நானும் ரெண்டாங்கிளாஸ்தான், ஆனா நான் மலையில ஓட்டினவன். "உனக்குத் தெரியாது, போ"ன்னேன். போனா. மறுபடி வந்தா. "அண்ணன் உங்களுக்காக உக்காராம நிக்கிறாரு. எனக்காக ஒரு வாய் வந்து சாப்பிடுங்க." சொல்றா, சொல்லிக்கிட்டே கார் சன்னலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. எனக்கு என்ன கவலைன்னா, அவ சாயுற பாரம் கதவுல விழுகுதேன்னு. "கையை எடு"ன்னேன்.

அப்புறம் தவமணியே இலையில கறிச்சோத்தை வச்சுத் தூக்கிக்கிட்டு வந்தான். "மாப்ள கார்லயே சாப்பிடுவாரு, மாப்பிள்ளைக்கு எதுக்குப் பாய்"னு சத்தமாச் சொல்றான். பந்தியில இருந்தவனெல்லாம் கை கழுவுற சாக்குல வாசலுக்கு வந்து வேடிக்கை பாக்குறானுக. ஒரு கிழவன், "கறியை யாருக்குப்பா ஊட்டுற, அவருக்கா இன்ஜினுக்கா?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. ஒச்சம்மா மட்டும் சிரிக்கல. நேரா பின்னாடி போனா. டிக்கியைத் தட்டி, "இதைத் திறங்க"ன்னா. திறந்து குடுத்தேன். அவ துணிப்பையை எடுத்துக்கிட்டா.

எதுக்கு எடுக்குறான்னு நான் கேக்கல தம்பி. பாரம் குறைஞ்சா நல்லதுதான?

திரும்பி வரையில ஒத்தை ஆளா வந்தேன். வண்டி எப்படி ஓடுச்சுங்கிறீங்க. காத்து மாதிரி. வீட்டு வாசல்ல வந்து நிறுத்தின பெறகுதான், இறங்கிக் கதவைத் திறக்க ஆள் இல்லைங்கிறதே தெரிஞ்சுச்சு.

ரெண்டு நாள்ல வந்துருவான்னு பாத்தேன். வரல. சோறு பொங்கத் தெரியாதவன் இல்ல நான், தோட்டத்துல நானேதான் பொங்கித் தின்னேன். அது ஒரு விசயமே இல்ல. காலையில எந்திரிச்சா வீடு கப்சிப்னு கிடக்கு, அதுதான் ஒரு மாதிரி. ஆடும் இல்லைல்ல, அதுகளாவது கத்தும். அதனால வண்டியை வாசல்லயே நிறுத்தி ஓடவிட்டுட்டு உக்காந்திருப்பேன். பழகினது மாதிரியும் ஆச்சு. காலையில ஓடவிட்டு அந்தச் சத்தத்துல காப்பி குடிப்பேன். சாயங்காலமும் ஓடவிடுவேன். உள்ள யாரோ இருந்து ஏதோ வேலை பாத்துக்கிட்டிருக்கிற மாதிரி... அது கிடக்கட்டும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுக்காகத்தான் ஓடவிட்டேன்.

கொஞ்ச நாள்ல நீலமாப் புகைய ஆரம்பிச்சுச்சு. எதிர்வீட்டுக்காரன் வந்து, "கொசுவுக்கு நல்லதுதாண்ணே, ஆனா எங்களுக்கும் மூச்சு இருக்குல்ல"ன்னான். ஆயிலை ஊத்த ஊத்தக் குடிக்குது. இன்னாசியக் கூட்டிட்டு வந்து காட்டினேன். ஆயில் ஊத்துற மூடியத் திறந்தான், அதுலருந்து புசுபுசுன்னு புகை. அவனுக்கு வந்துச்சே ஒரு சந்தோசம்.

"அண்ணே, எங்கெங்க ஓட்டினீங்க?"

சொன்னேன். ஒண்ணு விடாமச் சொன்னேன். ஒளிக்கிறதுக்கு நான் என்ன தப்பா பண்ணியிருக்கேன்?

"நின்ன இடத்துல ஓடவிட்டீங்களா?"

"தெனமும்."

தலையில கையை வச்சுக்கிட்டு என் வீட்டுப் படியிலயே உக்காந்துட்டான். "தாலாட்டியே கெடுத்துட்டீங்களேண்ணே. பாரமே காட்டாம ஓட்டினா ரிங்கு எப்படி உக்காரும்? போர் இந்நேரம் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கிட்டு இருக்கும். மறுபடி பிரிக்கணும், உரசணும், வேற ரிங்கு போடணும். மதினியை எந்த மேட்ல இறக்கிவிட்டீங்களோ, அந்த மேட்லதாண்ணே அந்த இன்ஜினு உக்காந்திருக்கணும். மதினி, அண்டா, வாழைத்தாரு, தெருவுல நின்ன நாலு பேரு, அம்புட்டையும் ஏத்திக்கிட்டு ஏறியிருந்தீங்கன்னா இன்னிக்கு ராசா மாதிரி ஓடும்."

எப்படிப் பேசுறான் பாத்தீங்களா தம்பி. வேலையை ஒழுங்காப் பாக்கத் தெரியாம, பழியைத் தூக்கி என் தலையில வைக்கிறான். பொண்டாட்டியை ஏத்தாததுனால இன்ஜின் கெட்டுப் போச்சாம். எந்தக் கம்பெனிப் புத்தகத்துல தம்பி அப்படிப் போட்டிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் போட்டிருக்காதுன்னு தெரியும்.

போறவன் சும்மா போகல. "வண்டிய நான் பாத்துக்கறேன், ரிங்கு வாங்கிட்டு வாங்க. போற வழியில மதினியையும் கூட்டிட்டு வந்துருங்க. இந்தத் தடவை ஓட்டிப் பழக்க ஆள் வேணும்ல"ன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறான். அவன்தான் தவமணிக்குச் சொல்லியிருப்பான், நான் இன்னிக்கு வர்றேன்னு. இல்லைன்னா அவனுக்கு எப்படித் தெரியும்? ஊருல எல்லாப் பயலுக்கும் என் குடும்பத்தைப் பத்தித்தான் கவலை.

உசிலம்பட்டி வந்துருச்சு போல. ஆமா, வந்துருச்சு.

உங்களுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவர் இறங்குறாரு பாருங்க. தம்பி, இந்தத் துண்டை அந்த ஓரத்துல போட்டு வைங்க. எதுக்கா? சும்மாதான். இல்லைன்னா எவனாவது மூட்டையோட வந்து நம்ம மடியில உக்காருவான்.

இருங்க, கொஞ்சம் சாஞ்சுக்கங்க, தெரியல. அந்தா நிக்கிறா. கொய்யாப்பழ வண்டிக்குப் பக்கத்துல, ஊதாச் சேலை. மெலிஞ்சு போயிருக்கா. அண்ணன் வீட்டுச் சோறு அப்படித்தான் இருக்கும். கையில பை இருக்கு பாத்தீங்களா? அதெல்லாம் ரெடியாத்தான் வந்திருக்கா. தவமணியக் காணோம், தனியாத்தான் நிக்கிறா.

பாத்துட்டா. என்னையப் பாத்துட்டா தம்பி. நான் பாக்குறதையும் பாத்துட்டா. பாத்தாச்சுல்ல? பஸ் நிக்குது, முன்னாடியும் பின்னாடியும் படிக்கட்டு இருக்கு, ஏற வேண்டியதுதான? நட்டு வச்ச கம்பம் மாதிரி நிக்கிறதப் பாருங்க.

நான் இறங்கவா? நீங்களும் அதையே சொல்றீங்க. இம்புட்டு நேரம் நான் சொன்னது உங்க காதுல விழுகவே இல்லையா? மதுரையில கடை மத்தியானம் சாத்திருவான் தம்பி. இறங்கினா இந்த பஸ் போயிரும். அடுத்த பஸ் இருக்குதான். இருந்தா?

நீங்க வேணும்னா ஒரு சத்தம் குடுங்க. "அக்கா, ஏறுங்கக்கா"ன்னு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. உங்களுக்கு என்ன, தெரியாத ஆளுதான, கூப்பிட்டா என்ன குறைஞ்சிரும்? மாட்டீங்களா? சரி விடுங்க. படிச்ச பிள்ளைகள் எல்லாமே இப்படித்தான், ஒரு ஒத்தாசைக்கு ஆக மாட்டீங்க.

பையை இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்துறா. அப்ப வரத்தான் போறா.

ஏ கண்டக்டரே, என்ன அதுக்குள்ள விசில்? ஏறுறவங்க ஏறினாங்களா இல்லையான்னு பின்னாடி பாத்தீரா? பாத்தாராம். எல்லாரும் ஏறியாச்சாம். ஊதாச் சேலை ஏறுச்சான்னு கேட்டா மொறைக்கிறாரு. கவர்மெண்டு சம்பளம், அந்தத் திமிரு.

கூட்டம் மறைச்சிருச்சு தம்பி, அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. பின் படிக்கட்டுல ஏறியிருப்பா. முன்னாடிதான் இம்புட்டுக் கூட்டமாச்சே.

இல்ல ஆத்தா, அங்க உக்காராதீங்க. ஆள் வருது.

துண்டு கிடக்குல்ல ஆத்தா, பாக்கலையா? ஊரைத் தாண்டினா என்ன? பின்னாடி நிக்குது, கூட்டம் விலகினா முன்னாடி வரும். கூடையக் கீழ வச்சுட்டு நீங்க கம்பியப் பிடிச்சுக்கங்க.

தம்பி, அந்தத் துண்டை எடுக்காதீங்க.